நான்கு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



'தாய்மையும் ஆசிரியப் பணியும்' என்று விழாக் குழுவினர் தலைப்புத் தந்தார்கள். இப்படியான தலைப்புக் கிடைத்தால் பேசுபவர்கள் பெண்ணின் பொறுமையைப் புகழ்ந்துவிட்டு அமர்ந்துவிடுவது வழமை. அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு எங்கள் ரீச்சர்மாருக்குக் காது புளித்திருக்கும். வைத்தியத் தொழில் செய்யும் பழைய மாணவிகளாகிய நாங்கள், கிளினிக்கில் அன்றாடம் காண்பதை மட்டும் சொல்கிறோம்.

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். அரச சேவையில் உள்ள ஒரு தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ லீவு உண்டு. சனி, ஞாயிறு, அரச விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம். அதன்பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடன் எடுக்கலாம்; இன்னும் 84 நாட்கள் சம்பளமில்லாமல் எடுக்கலாம். தகப்பனுக்கு மூன்று நாள். இந்த 84 என்ற எண்ணுக்குப் பழைய உறவு ஒன்று உண்டு. 1919ஆம் ஆண்டு சர்வதேசத் தொழில் அமைப்பு தன் முதலாவது மகப்பேற்றுச் சமவாயத்தில் சொன்னது 12 கிழமை. பன்னிரண்டை ஏழால் பெருக்கிப் பாருங்கள். வேலை நேரத்தில் பாலூட்ட நாளுக்கு இரண்டு தடவை அரை மணி நேரம் கொடுக்க வேண்டும் என்றும் அதே சமவாயம் சொன்னது. எங்கள் சங்கத்தை விடவும் மூத்த யோசனை அது.

இனி மறுபக்கம். ஆறு மாதம் முடியும்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர் கூட வேண்டாம் என்று நாங்களும் சொல்கிறோம், குடும்பநல உத்தியோகத்தரும் வீடு தேடி வந்து சொல்கிறார். முழுச் சம்பளம் நான்கு மாதத்தில் முடிகிறது. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் காலம் ஆறு மாதத்தில் முடிகிறது. நடுவில் இருக்கிற அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். அரைச் சம்பள லீவு எடுக்கலாமே என்பீர்கள். வீட்டுக் கடனும் சீட்டுக் காசும் சம்பளத்தில் கழிபடும் ஒருவருக்கு, அரைச் சம்பளத்தில் கைக்கு வருவது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்த லீவு தாளில் இருக்கிறது. எடுக்க வசதியுள்ளவர்கள் எடுக்கிறார்கள். முன்பள்ளி ஆசிரியைகளில் பலருக்கு அந்தத் தாள் கூட இல்லை.

எங்களிடம் வந்த ஓர் இளம் ஆசிரியையின் கதை இது. முதல் நியமனம் முல்லைத்தீவு மாவட்டத்தில். வீடு யாழ்ப்பாணத்தில். விடிய நாலரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் பின்னேரம் நாலரைக்குத்தான் திரும்பி வருவார். பன்னிரண்டு மணித்தியாலம். லீவு முடிந்து போன இரண்டாம் கிழமை, ஒரு பக்க மார்பு சிவந்து கல்லுப்போல் கட்டி, குளிர்க் காய்ச்சலோடு வந்தார். "பால் பழுதாகிப்போச்சு, நிப்பாட்டச் சொல்லீட்டினம், நிப்பாட்டவா டொக்டர்?" என்று கேட்டார். நிறுத்தக் கூடாது. கட்டியிருக்கும் பாலை வெளியேற்றுவதும் மருந்தின் ஒரு பகுதிதான். அந்தப் பால் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. மருந்து கொடுத்தோம், ஐந்து நாளில் சுகமானார். ஆனால் அவர் அழுதது காய்ச்சலுக்காக அல்ல. தரம் ஆறு வகுப்பில் நிற்கும்போது பக்கத்து வளவில் ஒரு குழந்தை அழுததாம். அடுத்த நிமிடம் பால் சுரந்து சீலையின் முன்பக்கம் நனைந்துவிட்டதாம். மணி அடிக்கும்வரை இடாப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படிப்பித்ததாகச் சொன்னார். இங்கே சிலர் தலையசைக்கிறீர்கள். இடாப்பு பிடித்த கைகள் இந்த மண்டபத்திலும் உண்டு போலும்.

எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்காமல் விட்டால் முதலில் கட்டும், பிறகு உடம்பு தானாகவே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். "பஸ் சூட்டில் பால் வத்திப்போச்சு" என்று சொல்வார்கள். சூட்டுக்கும் பஸ்ஸுக்கும் அதில் பங்கில்லை. அலுவலகத்தில் இருப்பவர் பத்து நிமிடம் எழும்பிப் போகலாம். முப்பத்தைந்து பிள்ளைகளை விட்டுவிட்டு ஆசிரியை எங்கே போவார்? மலசலகூடம் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வருபவர்களும் ஆசிரியைகள்தான்.

முன்பு எப்படிச் சமாளித்தார்கள் என்று எங்களுக்குக் கற்பித்த ஒரு ரீச்சரிடம் கேட்டோம். சிரித்தார். வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். இடைவேளை மணி அடிக்கும்போது வீட்டில் நின்ற பிள்ளை குழந்தையைத் துவாயில் சுற்றிக்கொண்டு பின் படலைக்கு வந்துவிடுவாவாம். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் பலாமரத்தடியில் பால் கொடுத்துவிட்டு ஐந்தாம் பாடத்துக்கு வகுப்பில் நிற்பாராம். அப்போது சட்டம் இன்றைக்குப் போல் இல்லை. தூரம் மட்டும் அவருக்குச் சாதகமாக இருந்தது. இன்று சட்டம் கொஞ்சம் நல்லது, பிள்ளை அறுபது, நூறு கிலோமீற்றருக்கு அப்பால்.

பிள்ளையைப் பார்க்க அம்மம்மா இருக்கிறாவே என்பார்கள். எத்தனை வீட்டில்? போரும் புலம்பெயர்வும் எங்கள் அம்மம்மாக்களை உலகம் முழுவதும் விதைத்துவிட்டன. ரொறன்ரோவில் மகள் 12 மாதமோ 18 மாதமோ லீவில் நிற்க, அவவுக்குப் பத்தியக் கறி சமைக்க அம்மா போயிருக்கிறா. இங்கே இருக்கும் மற்ற மகள் நான்காம் மாதம் பள்ளிக்கூடம் போகிறா. பிள்ளை அயலில் தெரிந்த ஒருவரிடம். லண்டனில் தோழிகளுக்கு 52 கிழமை வரை லீவு உண்டு. பொறாமையில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையும்தான்.

லீவு முடிய இரண்டு கிழமைக்கு முன்பே பால் எடுத்துப் பழகுங்கள். மெஷின் வேண்டியதில்லை, கழுவிய கை, அவித்தெடுத்த அகன்ற வாய்ப் பாத்திரம் போதும். எடுத்த பாலை வெளியே நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே முடியுங்கள். பிரிட்ஜில் நான்கு நாள் இருக்கும். ஐஸ் பொதி வைத்த பெட்டியில் ஒரு நாள் தாங்கும், பஸ்ஸில் கொண்டுவரலாம். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், சுடுதண்ணீரில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்கிக் கோப்பையாலோ கரண்டியாலோ கொடுங்கள். பால் படையாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்து "திரைஞ்சுபோச்சு" என்று அப்பம்மா ஊற்றிவிடுவா. மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும் என்பதை அவவுக்கு முதலே காட்டிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

இன்னொன்று. வேலைக்குத் திரும்பும் நாட்களில்தான் சிலருக்கு மனம் உடைகிறது. பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமை, செத்துப்போகலாம் போன்ற எண்ணம். இதைச் சோம்பல் என்றும் கொழுப்பு என்றும் சொல்லும் வாய்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் இருக்கின்றன. இது வருத்தம், மருந்தும் பேச்சும் சேர்ந்தால் சுகமாகும். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் முதலில் கவனிப்பீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டத்தை மாற்ற எங்களால் இன்று முடியாது. நேரசூசி உங்கள் கையில் இருக்கிறது. பாடவேளை 40 நிமிடம், இடைவேளை 20 நிமிடம். பாலூட்டும் ஆசிரியைக்கு நான்காம் பாடத்தையோ ஐந்தாம் பாடத்தையோ ஓய்வாகக் கொடுத்தால், இடைவேளையோடு ஒட்டி ஒரு முழு மணித்தியாலம் வருகிறது. ஒரு பாடவேளையும் குறையாது, ஒருவருக்கும் மேலதிகச் சுமை இல்லை. நேரசூசி போடும் ரீச்சர் ஒரு பின்னேரம் இருந்து மாற்றினால் சரி. அந்த ஓய்வுப் பாடத்தை மட்டும் 'ரிலீஃப்' என்று எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது சங்கத்துக்கும் கிளைகளுக்கும். திறன்பலகைகள் தந்தீர்கள், கேட்போர் கூடத்துக்குத் திரைச்சீலை தந்தீர்கள், நன்றி. இம்முறை ஓர் அறை கேட்கிறோம். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, கை வைத்த கதிரை, கை கழுவ ஒரு தொட்டி, சின்னப் பிரிட்ஜ். இன்றைய மேடை அலங்காரத்துக்குச் செலவான காசோடு ஒப்பிட்டால் பெரிய தொகை அல்ல. அலங்காரக் குழு கோபிக்க வேண்டாம், மேடை மிக அழகாக இருக்கிறது.

நோயாளர் அறைக்குப் பக்கத்தில் உடைந்த மேசைகள் போட்டு வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. எங்கள் காலத்திலும் அதே மேசைகள்தான் கிடந்தன. அதிபர் அவர்கள் சம்மதித்தால் வரும் சனிக்கிழமை காலை எங்கள் ஆண்டுத் தோழிகள் நால்வர் அளவு நாடாவோடு வருகிறோம். அந்த மேசைகளை எங்கே கொண்டுபோய் அடுக்குவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.