பாலமும் மறுகரையும்



வெள்ளி விழா மேடையில் முதுகுத் தண்டுவடத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தென்னையிலிருந்து விழுந்தும், கிணறு வெட்டுகையில் மண் சரிந்தும் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து கிடந்தவர்களை நம் தெருக்கள் அறியும். “இந்த நரம்பு இனி வளராது” என்று மருத்துவர் கூறியதை நாமும் உடனிருந்து கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லையே கேள்வியாக்கி ஆராய்ந்த ஓர் அறிஞரைப் பற்றி இன்று கூற விழைகிறோம்.

கையில் அறுபட்ட நரம்பு மீண்டும் வளரக்கூடியது; நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்தில் அறுபட்ட நரம்பிழையோ சிறிது துளிர்த்து நின்றுவிடும். 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ காஹால், 1913-14 ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில் இதனை விரித்துரைத்தார். முதிர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் மாறாதவை என்பது அவர் கண்ட முடிவு. எதிர்கால அறிவியல் அத்தீர்ப்பை மாற்றக்கூடும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. பின்வந்தோர் பலர் தீர்ப்பை மட்டும் நினைவில் கொண்டனர்.

ஆல்பர்ட் அகுவாயோ என்பார் அர்ஜெண்டினாவில் பிறந்து, அங்கே மருத்துவம் பயின்று, கனடா சென்று, மாண்ட்ரீல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடத்தியவர். இயலாமை நரம்பணுவில் உள்ளதா, அதைச் சூழ்ந்துள்ள இடத்தில் உள்ளதா என்பதே அவர் வினா. கைகால் நரம்புகளில் ஷ்வான் அணுக்கள் வளரும் இழைக்கு வழியமைத்து ஊட்டமும் தருகின்றன. தண்டுவடத்தில் சூழ்ந்திருப்பவை வேறு வகை அணுக்கள்.

1981-இல் அவரும் உடன் பணியாற்றிய சாமுவேல் டேவிட்டும் ஒரு சோதனையை வெளியிட்டனர். எலியின் காலிலிருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து, ஒரு முனையை முகுளத்திலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் பொருத்திப் பாலம் அமைத்தனர். இருபுறத்து நரம்பணுக்களும் அப்பாலத்தினுள் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் நீளத்திற்கு இழைவிட்டன. வளரா என்று ஒதுக்கப்பட்ட அதே நரம்பணுக்கள், சூழல் மாறியதும் வளர்ந்தன!

நம் மாணவப் பருவத்தில் ஓர் ஆசிரியர், “உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது” என்று வகுப்பிலேயே சொன்னார். அவர் பெயர் இங்கு வேண்டா. அச்சொல்லை நம்பி ஆறாம் வகுப்போடு நின்ற தோழர்கள் நமக்கு உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் ஏற்றிவைத்த மாலைப் பள்ளி விளக்கு, அச்சொல்லுக்குச் செயலால் கூறிய மறுமொழியாகும். அன்று அங்கே கூட்டல் பயின்ற பிள்ளைகள் இன்று பொறியாளர்களாகவும் செவிலியர்களாகவும் இம்மன்றத்தில் அமர்ந்துள்ளனர்.

ஆயினும் அச்சோதனையின் பிற்பகுதியையும் மறைத்தலாகாது. பாலம் முழுவதும் வளர்ந்த இழைகள், அதன் மறுமுனையில் மீண்டும் தண்டுவடத்தினுள் நுழைந்ததும் சிறு தொலைவிலேயே நின்றுபோயின. ஏன்? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மார்ட்டின் ஷ்வாப் இதற்கு ஒரு விடை கண்டார். நரம்பிழையைப் போர்த்தியுள்ள உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன என்று 1988-இல் காட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு 2000-இல் ‘நோகோ’ என்ற பெயர் வழங்கலாயிற்று. நரம்பணுவின் வளரும் ஆற்றலும் முதிர்ச்சியோடு குறைகிறது என்பதும் உண்மையே. முறிந்த தண்டுவடத்தை முழுமையாக மீட்கும் மருத்துவம் மனிதர்க்கு இன்னும் கிட்டவில்லை. பொய்யான நம்பிக்கை ஊட்டுவோரிடம் நம் மக்கள் பொருளை இழத்தல் கூடாது.

பெரியோர்களே, நாம் பாலம் கட்டினோம், பிள்ளைகள் கடந்தனர். மறுகரையில் நிலை என்ன? கல்லூரியின் முதலாண்டிலேயே படிப்பை விட்டு ஊர் திரும்பிய நம் விடுதி மாணவர்களை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் குறைவால் திரும்பியோர் சிலரே. உடன் அமர யாருமின்றி, ஐயம் கேட்க ஓர் ஆசிரியருமின்றித் திரும்பியோரே மிகுதி. ஆதலின் வரும் ஆண்டுகளில் கழகத்தின் பணி விடுதி வாயிலோடு முடிதல் ஆகாது. கல்லூரி சென்ற ஒவ்வொரு மாணவர்க்கும், முன்னர்ப் பயின்று உயர்ந்த ஒருவர் துணையாக நின்று, மாதம் ஒருமுறையேனும் நேரில் சென்று காணும் ஏற்பாடு வேண்டும்.

மாணவச் செல்வங்களே, தண்டுவடத்தின் புதிர் இன்னும் முழுதும் அவிழவில்லை. அதனை அவிழ்க்கும் கை உங்களுடையதாகவும் இருக்கலாம். “வளராது” என்று எவர் கூறினும், எங்கே வைத்துச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

வாழ்க கழகம்.