தோட்டத்துச் சிற்றாலயத்தைக் காப்போம்

(புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



புக்கிட் ரோத்தானில் 2013 ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட சிறீ சக்தி தேவஸ்தானத்தை நாம் யாவரும் அறிவோம். புதிதாய் எழுப்பும் ஆற்றல் நமக்குண்டு என்பதற்கு அது சான்று. ஆனால், நம் பாட்டன்மார் பால்மரக் காட்டோரத்தில் எழுப்பிய சிறு கோயில்களையும் சிற்றாலயங்களையும் பழுது நீக்கிக் காக்கிறோமா?

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களும் மறைந்து வருகின்றன. நம் பெற்றோர் மணம் புரிந்த சிற்றாலயமும் வீழ்ந்துவிட்டால், அங்கு நாம் வாழ்ந்தோம் என்பதற்கு அடையாளம் ஏது?

பினாங்கிலுள்ள செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தைப் பாருங்கள். 1818 இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் சுவர்களில் இந்தியக் கைதிகளின் உழைப்பு கலந்திருக்கிறது. முதலில் அதற்குத் தட்டைக் கூரையே இருந்தது. நம் நாட்டு மழைக்கு அது ஒவ்வாமையால், 1864 இல் சரிவுக் கூரை அமைத்தனர். 2007 இல் அது தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முதற்பகை மழைநீரே என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, நாமும் கூரையிலிருந்தே தொடங்குவோம். ஒழுக்கை அடைத்து, நீர் வடியக் கால்வாய் வெட்டிய பின்னரே சுவரைத் தொடுவோம். வண்ணம் பூசுவது கடைசி வேலை. பழைய செங்கற்சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டிருந்தால், அதன்மேல் சிமெண்டு பூசலாகாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. மரத்தூணைக் கறையான் அரித்திருந்தால், அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து நல்ல மரத்தை இணைப்போம்.

பால் வெட்டும் நமக்கு இது புதிதன்று. கத்தி ஆழமாய்ப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்தினால், பட்டை மீண்டும் சீராக வளர்வதில்லை. பழைய கட்டடமும் அவ்வாறே. தேவைக்கு மேல் சுரண்டினால் பழைமை திரும்பாது. வேலை தொடங்குமுன் நாற்புறமும் நிழற்படம் எடுத்துக்கொள்வது நன்று.

இவை யாவற்றினும் முந்தியது ஒன்றுண்டு. சிற்றாலயம் நிற்கும் நிலம் யாருடையது? தோட்டம் கைமாறினால் வாய்மொழி அனுமதி நில்லாது. எனவே, நன்கொடை திரட்டுமுன் மாவட்ட நில அலுவலகத்தில் விசாரித்து அறிவோம். உரிமையாளரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவோம். வரவு செலவுக் கணக்கை எல்லாரும் காணும்படி சுவரில் ஒட்டுவோம்.

இன்று ஓர் ஓட்டை மாற்றத் தயங்கினால் நாளை கூரையையே இழப்போம். தோட்டத்தைவிட்டு வெளியேறிய பிள்ளைகளையும் அழைப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடும் மண்வெட்டியோடும் கூடுவோம். நம் முன்னோர் வியர்வை சிந்தி எழுப்பியதை நம் கையாலேயே காப்போம்!