எருமை நாக்கு: தரங்கம்பாடியிலேருந்து பெர்லினுக்குப் போன மீன்

தச்சநல்லூர்லேருந்து பேசுறேன்.

பாளையங்கோட்டைத் தம்பி ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணாச்சி, அமெரிக்காவுல கயாக்னு ஒரு சின்னப் படகுல ஒத்தை ஆளா கடலுக்குள்ள போறாங்க. உயிரோட இருக்கிற சின்ன மீனைத் தூண்டில்ல கோத்து அடியில இறக்குறாங்க. ஹாலிபட்னு ஒரு தட்டை மீன் மேல வருது. நம்ம பக்கம் குளத்துல தூண்டில் போடுறதோட சரி, கடல்னா வலைதான். இந்த வித்தை நம்ம ஆட்களுக்கு ஏன் வராமப் போச்சு?"

வராமப் போகல தம்பி. நாம பார்க்காமப் போயிட்டோம். இதுல எனக்கு ரொம்ப நாளாவே ஒரு ஆதங்கம் இருக்கு, அதனால இன்னைக்குக் கொஞ்சம் விரிவாவே பேசுறேன்.

முதல்ல கயாக். அது வடதுருவத்துப் பக்கம் வாழுற இன்யூட், அலூட் மக்களோட படகு. மரச்சட்டம் கட்டி, அதுமேல கடல்நாய்த் தோலை இழுத்துத் தைச்சு, ஒத்தை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுறது. அவங்களுக்கு அது விளையாட்டுச் சாமான் கிடையாது, பிழைப்பு. அலாஸ்காவோட தென்கிழக்குக் கரையில இருக்கிற டிலிங்கிட் மக்கள் ஹாலிபட் பிடிக்கவே தனியா மரத்துல தூண்டில் முள் செதுக்கினாங்க. இப்ப கலிஃபோர்னியாவுல பொழுதுபோக்குக்குப் பிளாஸ்டிக் கயாக்குல போறாங்க. மேல உட்கார்ந்து போற வகை அது. உள்ள ஏறுற தண்ணி ஓட்டை வழியா தானா வடிஞ்சிரும், அதனால முழுகாது.

மேல உட்காரணும், தண்ணி தானா வடியணும், முழுகக் கூடாது. இந்த மூணும் சேர்ந்த ஒண்ணை நம்ம கரையில எத்தனையோ தலைமுறையா ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. கட்டுமரம். லேசான மரத்தடிகளை வரிசையா அடுக்கி, கயித்தால இறுக்கிக் கட்டுறது, அவ்வளவுதான். அலை மேல ஏறி அடிச்சாலும் தண்ணி இடுக்கு வழியா இறங்கிரும். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவுத்து, தடிகளைத் தனித்தனியா மணல்ல காயப் போடுவாங்க. காயாட்டா மரம் தண்ணி குடிச்சுக் கனத்துரும். கவிழ்ந்தாலும் கவலையில்ல, புரட்டிப் போட்டு ஏறிக்கலாம். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் வயசான ஆட்கள்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க, ஒத்தை ஆளா மரம் தள்ளிக்கிட்டு விடியுமுன்ன போனவங்க இன்னும் இருக்காங்க.

அடுத்து உயிர் இரை. தாமிரபரணிக் கால்வாய்லயும் குளத்துலயும் விரால் பிடிக்கிறவருக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குட்டித் தவளையையோ சின்னக் கெண்டையையோ முதுகுத் துடுப்புக்குக் கீழ, நடு எலும்புல படாம முள்ளை ஏத்துவார். எலும்புல பட்டா இரை செத்துரும், செத்த இரையை விரால் திரும்பிப் பார்க்காது. கலிஃபோர்னியாக்காரர் சாளையைக் கோக்கிறதும் இதே கணக்குத்தான். கடல்ல இந்த வித்தை எந்த அளவுக்கு வளர்ந்திருக்குன்னு பார்க்கணும்னா லட்சத்தீவு மினிக்காய்க்குப் போகணும். அங்க சூரை பிடிக்கிற படகோட வயித்துல கடல்தண்ணி வந்து போக ஓட்டை வச்சு, அதுக்குள்ள சின்ன மீனை உயிரோட கொண்டு போறாங்க. சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அதை வாரி வீசி, கழித் தூண்டில்ல ஒண்ணொண்ணா இழுத்துப் போடுறாங்க. வலையே கிடையாது. கட்டுமரத்துல அந்த வசதி இல்ல, தண்ணி நிக்காத இடத்துல மீனை எங்க உயிரோட வைக்கிறது? அதனால இங்க கைத்தூண்டிலுக்குச் சாளைத் துண்டும் கணவாயும்தான் பெரும்பாலும் இரை. அங்கயே கிடைச்ச பொடி மீனைத் துடிக்கத் துடிக்கக் கோத்து இறக்குறதும் உண்டு.

எங்க இறக்குறதுங்கிறதுலதான் அவங்க அறிவு தெரியும். அடியில பாறை கிடக்கிற இடத்தைப் பார்னு சொல்வாங்க. மேலேருந்து பார்த்தா வெறும் தண்ணி. கரையில ஒரு கோயில் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால ஒரு மலை உச்சியையும் ஒரே நேர்ல கொண்டு வரணும். இன்னொரு பக்கம் மாதா கோயிலையும் ஒரு பனங்கூட்டத்தையும் நேர் வைக்கணும். ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் பார். இதைக் கணியம் பார்க்கிறதுன்னு சொல்வாங்க. செயற்கைக்கோள் பார்த்துச் சொல்ற கருவி வர்றதுக்கு எவ்வளவோ முன்னால, ஒரு முழக் கயிறுகூட இல்லாமப் போட்ட வரைபடம் அது.

சரி, மீனுக்கு வருவோம். ஹாலிபட் குளிர்கடல் மீன், நம்ம கடல்ல கிடையாது. ஆனா இங்கிலீஷ்ல இந்திய ஹாலிபட்னே பேர் வாங்கின ஒரு மீன் நம்ம கடல்ல இருக்கு. எருமை நாக்கு. சந்தையில நாக்கு மீன்னு சொல்லி ஒல்லியா, நீளமா ஒண்ணு விற்பாங்களே, அது வேற. அதோட வாய் சின்னது, கோணிப் போன வாய். எருமை நாக்கோட வாயைத் திறந்து பாருங்க. காது வரைக்கும் கிழிஞ்ச மாதிரி அகலம், உள்ள வரிசையா கூரான பல்லு. வேட்டை மீன்னு பார்த்ததும் தெரிஞ்சிரும். ஒன்பது கிலோ வரைக்கும் வளரும்.

தட்டை மீன் எல்லாமே பிறக்கும்போது மத்த மீன் மாதிரிதான், பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண்ணு நகர்ந்து அடுத்த பக்கம் வந்துரும். அப்புறம் காலம் பூரா ஒரு பக்கமா மணல்ல படுத்துக்கிட்டு, ரெண்டு கண்ணாலயும் மேல பார்க்கும். எருமை நாக்குக்கு மட்டும் அந்தப் பயணம் முழுசா முடியல. நகர்ற கண்ணு தலை உச்சி விளிம்புலயே நின்னுருச்சு. அதனால படுக்கவும் செய்யும், மத்த மீன் மாதிரி நிமிர்ந்தும் நீந்தும். முதுகுத் துடுப்போட முன்பக்கத்துல முள்ளு இருக்கு, மத்த தட்டை மீனுக்கு அது கிடையாது. தட்டை மீன் வம்சத்தோட பழைய சாயல் இன்னும் மிச்சம் இருக்கிற மீன்னு விஞ்ஞானிகள் இதைத் தேடித் தேடிப் படிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

இனிதான் நான் சொல்ல வந்த கதை.

இந்த மீனுக்கு உலகம் முழுக்க வழங்குற அறிவியல் பேர் செட்டோடெஸ் எருமை. கடைசியில வர்றது நம்ம எருமையேதான். அது அங்க எப்படிப் போச்சு?

1620லேருந்து 1845 வரைக்கும் தரங்கம்பாடி டென்மார்க்காரங்க கையில இருந்தது. 1706ல சீகன்பால்க் மிஷனரியா வந்து இறங்கின ஊர். நம்ம பாளையங்கோட்டையில 1785ல கட்டின குளோரிந்தா கோயிலை அர்ப்பணிச்ச சுவார்ட்ஸ் ஐயரும் அந்த மிஷன் வழியா வந்தவர்தான். அங்க 1771ல கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்னு ஒரு பாதிரியார் வந்து சேர்ந்தார். ஏற்கெனவே இயற்கை விஞ்ஞானி லின்னேயஸோட மாணவர் கோனிக் அங்க இருந்து செடி கொடி சேகரிச்சுக்கிட்டு இருந்தார். ஜானுக்கும் அந்த ஆர்வம் பத்திக்கிச்சு. செடி, சிப்பி, மீன்னு கண்டதையெல்லாம் சேர்க்க ஆரம்பிச்சார். மீனைச் சாராயத்துல ஊறப்போட்டும், தோலை உரிச்சுக் காயவச்சும் அனுப்புறது அந்தக் காலத்து வழக்கம். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுத்திக் கப்பல் கோபன்ஹேகன் போய்ச் சேர மாசக்கணக்காகும். அங்கேருந்து பெர்லின்.

பெர்லின்ல வாங்கி வச்சவர் மார்க்கஸ் எலியேசர் ப்ளாக். ஆன்ஸ்பாக்ல ஏழை யூதக் குடும்பத்துல பிறந்து, டாக்டராகி, அம்பது வயசைத் தாண்டின பிறகு மீனைப் பத்தி எழுத உட்கார்ந்தவர். 12 பாகம், 432 படம். அந்த மனுஷனோட உழைப்பைக் குறைச்சுச் சொல்ல எனக்கு மனசு வராது. தனக்கு மீன் அனுப்பின ஜானுக்கு நன்றியா 1793ல ஒரு மீன் இனத்துக்கே ஜானியஸ்னு பேர் வச்சார். நாம குழம்பு வைக்கிற கத்தாளை அந்த இனம்தான். 1799ல ப்ளாக் இறந்துட்டார். மிச்சம் கிடந்த குறிப்பையெல்லாம் ஷ்னைடர்னு ஒரு கிரேக்கப் பண்டிதர் தொகுத்து 1801ல புத்தகமாக் கொண்டு வந்தார். அதுலதான் தரங்கம்பாடி மீன்னு சொல்லி எருமை நாக்கு ஏறிச்சு.

இப்ப கணக்குப் பாருங்க. எந்த மீன் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் பேருக்குப் பக்கத்துல ப்ளாக், ஷ்னைடர், 1801னு இருக்கும். ரெண்டு பேரும் இந்தியாவுல கால் வச்சவங்க இல்ல. இங்க இருந்த ஜானுக்கு ஒரு இனமே பேர் தாங்கி நிக்குது. ஆனா ஒருநாள் விடிகாலையில ஒருத்தர் அந்த மீனைப் பிடிச்சிருக்கார். அந்தக் கரையில யாரோ "இது எருமை நாக்குங்கய்யா"ன்னு சொல்லியிருக்காங்க. சொல்லாம பெர்லின்காரருக்கு எருமை எங்கேருந்து தெரியும்? அவர் சொன்ன சொல்லு 220 வருஷம் தாண்டியும் அழியாம நிக்குது. சொன்னவர் யாருன்னு பேருக்குப் பக்கத்துல ஒரு எழுத்து கிடையாது. அது அந்தக் காலத்து வழக்கம்னு சொல்லிக் கடந்துரலாம். என்னால முடியல.

அதே தரங்கம்பாடியில நடந்த இன்னொண்ணையும் சொல்லிடுறேன். டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் லெப்டினன்ட், 1791ல குளத்துக்கரைப் பனைமரத்துல ஒரு மீன் ஏறிக்கிட்டு இருந்ததைப் பார்த்ததா எழுதினார். 1797ல லண்டன் லின்னேயச் சங்கத்து ஏட்டுல அது அச்சாச்சு. அதுக்கப்புறம் காலங்காலமா படிச்சவங்க மத்தியில வாக்குவாதம், மீனாவது பனை ஏறுறதாவதுன்னு. பனை ஏறுதா இல்லையாங்கிறது இருக்கட்டும். செவுள் மூடியை ஊன்றித் தரையில நகரும், காத்தையே நேரா சுவாசிக்கும்ங்கிறது உறுதியான விஷயம். நம்ம குளத்துல கிடக்கிற பனையேறிக் கெண்டைதான் அது. மழை பெஞ்ச ராத்திரி அது கரையேறி நகர்றதைப் பார்த்தவங்க வச்ச பேர் அது.

ஆனாலும் ஜான் காலத்துல கேட்டாவது எழுதினாங்க. 1950கள்லேருந்து நடந்ததுல அந்தக் கேள்வியே காணோம். 1952ல நார்வேயோட ஒப்பந்தம் போட்டு, கொல்லம் நீண்டகரையில நவீன மீன்பிடிப்புத் திட்டம் ஆரம்பிச்சாங்க. நோக்கம் நல்லதுதான், மீனவர் நிலை உயரணும்னு. ஆனா இறாலுக்கு வெளிநாட்டுல விலை ஏறினதும், தரையை வழிச்சுக்கிட்டுப் போற இழுவலைதான் முன்னேற்றம்னு ஆகிப்போச்சு. தமிழ்நாட்டுக் கரையும் அதே வழியில போச்சு. கட்டுமரம் பிற்போக்கு, விசைப்படகு வளர்ச்சின்னு அரசாங்கக் காகிதம் பேசிச்சு. எருமை நாக்கு கிடக்கிறது தரையில. இழுவலை வழிக்கிறதும் அதே தரையைத்தான். இன்னைக்கு நம்ம நாட்டுல தட்டை மீன் கரைக்கு வர்றதே பெரும்பாலும் இழுவலை வழியாத்தான். எந்தப் பார்ல எப்ப என்ன கிடக்கும்னு தெரிஞ்சவரை யாரும் கூப்பிட்டு உட்காரவச்சுக் கேட்ட மாதிரி எனக்குத் தோணல.

விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் கரைக்கடல்ல சண்டை வந்தது, வலை அறுபட்டது, உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் 1983ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலேருந்து மூணு கடல்மைல், அதாவது அஞ்சரைக் கிலோமீட்டருக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு விதி வந்தது. இந்த மூணு மைலை யாரும் சலுகையாத் தூக்கிக் கொடுக்கல. அடிபட்டு வாங்கினது. 1989ல கிழக்குக் கரையிலேருந்தும் மேற்குக் கரையிலேருந்தும் மீனவர்கள் ஊர்வலமா வந்து, மே 1 அன்னைக்குக் கன்னியாகுமரியில கூடினாங்க. தண்ணியைக் காப்பாத்துங்க, அதோட உயிரும் பிழைக்கும்னு கேட்டு வந்த கூட்டம் அது. துப்பாக்கிச்சூட்டுலதான் அந்த நாள் முடிஞ்சது. நம்ம ஊர்லேருந்து ரெண்டு மணி நேரத்துல போற தூரம். பள்ளிக்கூடத்துல எனக்கு இதை யாரும் சொல்லித் தரல.

2004 சுனாமியில கட்டுமரங்கள் எத்தனையோ போச்சு. பதிலுக்கு வந்தது ஃபைபர் படகு. அது வேகம், பாதுகாப்பு, அதை வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா கட்டுமரம் பழசாகித் தானா ஒதுங்கிக்கிச்சுன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அது மீன் பிடிச்ச கடலடித் தரையை முதல்ல வழிச்சாச்சு. மரம் கரையேறினது அதுக்கப்புறம்தான்.

உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், புன்னக்காயல் பக்கத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல தாத்தாவோ பெரியப்பாவோ மரத்துல போய்த் தூண்டில் போட்டவர் இருந்தா, போனை எடுத்து அவர் பேசுறதைப் பதிவு பண்ணுங்க. எந்தப் பாருக்கு எந்தக் கணியம், எந்த மாசத்துல எருமை நாக்கு ஏறும், என்ன இரை வச்சார், எத்தனை பாக ஆழத்துல இறக்கினார், எல்லாத்தையும் கேளுங்க. எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்க, அடுத்த பதிவுல போடுறேன். பதிவோட ஆரம்பத்துலயே அவர் பேரையும் ஊரையும் அவர் வாயாலயே சொல்ல வச்சிருங்க.