மருத்துவமனை நிர்வாகமும் ஒரு வைத்தியமே

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில், பங்கு நலப்பணிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

யூபிலி மலரில் ஆலய வரலாறும் நன்றி நவிலலும் இருக்கும். மருத்துவமனை நிர்வாகத்திற்கு இங்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற செவிலியர் இருவரும், மருத்துவமனை அலுவலகத்தில் கணக்கு எழுதிய ஒருவரும் இருக்கிறோம். பல ஆண்டுகளாக எங்கள் மனத்தில் கிடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மலைக் கிராமமொன்றில் பன்னிரண்டு வயதுப் பையனைப் பாம்பு கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு இறங்கி, வண்டி பிடித்து, ஒரு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கு வேண்டாம். டாக்டர் இருந்தார், நல்ல டாக்டர். செவிலியரும் ஓடி வந்தார். விஷமுறிவு மருந்தும் இருந்தது. ஆனால் அது இருந்த குளிர்ப்பெட்டி மருந்துக் கிடங்கிற்குள், கிடங்கு பூட்டிக் கிடந்தது. சாவியை வைத்திருந்தவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்குப் போயிருந்தார். சைக்கிளில் ஆளனுப்பிச் சாவி வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நாற்பது நிமிடம் முந்தியிருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்பதை எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். அவனுடைய தாய்க்கு மட்டும் அதில் ஐயமே இல்லை.

இதில் யார் குற்றவாளி? சாவிக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். டாக்டர் மருத்துவம் படித்தவர். சாவியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது சாவி ஒன்று வேண்டும், அது இரவும் பகலும் பணியிலிருக்கும் செவிலியர் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பது ஒருவருடைய வேலை. அந்த வேலைக்குத்தான் நிர்வாகம் என்று பெயர். அங்கே அந்த வேலைக்கு ஆள் இல்லை.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிச் சென்றவரைப் பற்றிக் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் மறுநாள் அவர் தம் வழியே போய்விட்டார். இரண்டு தெனாரியத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, படுக்கை, கஞ்சி, எண்ணெய், கட்டுத்துணி எல்லாவற்றையும் கவனித்தவர் சத்திரக்காரர். கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சமாரியர் சொன்னாரே, சரியாகக் கணக்கு வைப்பவர் என்ற நம்பிக்கை இருந்ததால்தானே? அந்தச் சத்திரக்காரரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறோம்.

நம் திருச்சபையின் மருத்துவப் பணியிலேயே இதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 1887-ஆம் ஆண்டு பிறந்த மேரி குளோரி, 1910-ல் மெல்போர்னில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1920-ல் கப்பலேறி ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். கன்னியர் டாக்டர் தொழில் செய்வது அக்காலத்தில் வழக்கத்தில் இல்லாததால், திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே அவர் சிகிச்சை செய்தார். (கன்னியர் பேறுகால மருத்துவம் பார்க்கலாம் என்ற பொது அறிவுரை உரோமையிலிருந்து 1936-ல்தான் வந்தது. அதுவரை எத்தனை தாய்மார் போனார்களோ!) இருபது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளைப் பார்த்தபின், தாம் ஒருவர் எவ்வளவு உழைத்தாலும் போதாது என்று கண்டார். 1943-ல் பதினாறு கன்னியரைச் சேர்த்துக்கொண்டு, கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் என்ற பெயரில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை இணைத்து நிற்பது அதுவே. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பதும் அவர் ஆசை. 1957-ல் பெங்களூரில் இறந்தார். அதே ஊரில் 1963-ல் புனித யோவான் மருத்துவக் கல்லூரி பிறந்தது.

இவ்வளவு பெருமை இருந்தும், நம்மவர் நிலையங்களில் ஒரு குறை இன்றும் உண்டு என்பதை மரியாதையோடு சொல்லத்தான் வேண்டும். நேற்று வரை வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்த சகோதரி, மாற்றல் கடிதம் வந்ததும் இன்று நிர்வாகி. சம்பளப் பட்டியல், வருமான வரி, மருந்துக் கொள்முதல், டாக்டருக்கும் கம்பவுண்டருக்கும் நடக்கும் சச்சரவு எல்லாம் ஒரே நாளில் அவர் தலையில். அவர் கற்றுத் தேறும் வேளையில் அடுத்த மாற்றல் கடிதம் வந்துவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்பேற்கும் இளம் டாக்டரின் நிலையும் இதுவே. படித்தது உடற்கூறும் நோய்க்குறியும்; நடத்த வேண்டியதோ செவிலியர், ஓட்டுநர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியாளர், தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி, மின்வெட்டு, ஆவணங்கள்.

மருந்தையே எடுத்துக்கொள்வோம். 1994-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் மருந்து வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் தருவது போல ஒரு பாஸ்புத்தகம் உண்டு. இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். இந்தியாவின் பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுப் போன முறை இது. ஆனால் பாஸ்புத்தகம் தானாக மருந்து கேட்காது. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பாம்புக்கடி கூடும், மழைக்காலத்தில் காய்ச்சல் கூடும் என்று சென்ற ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து முன்கூட்டியே எழுதுகிறவர் அங்கே இருக்க வேண்டும். "மருந்து இல்லை" என்று நம்மிடம் சொல்லப்படும் போதெல்லாம் அரசிடம் இல்லை என்று பொருளல்ல. கேட்டு எழுதவில்லை என்பதும் பல வேளைகளில் பொருளாகும்.

இனி எங்கள் தவற்றையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு கண் முகாம் நடத்தினோம். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் குறைவில்லை. கண்புரை என்று கண்டுபிடிக்கப்பட்டு அறுவைக்குத் தேர்வான மலைவாசிகள் பதினொரு பேர். மறுவாரம் வண்டி வந்தபோது ஏறியவர் ஆறே பேர். "இலவசமாகச் செய்கிறோம் என்றாலும் வரமாட்டேன் என்கிறார்களே, அறியாமை!" என்று நாங்கள் சலித்துக்கொண்டோம். பிற்பாடு போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஒரு பாட்டிக்குத் துணைக்கு வர ஆளில்லை. வந்தால் அந்தத் துணைக்கு யார் சோறு போடுவது? ஒரு பெரியவர், ஆட்டை விட்டுவிட்டு மூன்று நாள் எப்படி வருவது என்றார். இன்னொருவர் மலையிலிருந்து இறங்கிவரப் பேருந்துக் காசுக்கே கடன் வாங்க வேண்டியவர். அறியாமை எங்களுடையதாக இருந்தது.

இதே கேள்வியை எங்களுக்கு வெகுமுன்பே கேட்டவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர். அதன் நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமி, வாத நோயால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், ஐம்பத்தெட்டாம் வயதில், 1976-ல் பதினொரு படுக்கைகளோடு தம் உடன்பிறந்தார் துணையுடன் தொடங்கினார். முகாமில் தேர்வானவர்கள் ஏன் வரவில்லை என்பதை அவர்கள் வீடு தேடிப்போய்க் கேட்டறிந்தார்கள். பயம் ஒன்று, மற்றவை பேருந்துச் செலவு, சாப்பாடு, துணைக்கு ஆள். அறுவை இலவசமென்றாலும் ஏழைக்கு அது இலவசமாக இல்லை. ஆகவே முகாமிலிருந்து அன்றைக்கே பேருந்தில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, ஊரிலேயே கொண்டுவந்து விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரே ஊர்க்காரர் கூட்டமாகப் போவதால் பயமும் குறைந்தது. இதில் புதிய மருத்துவம் எதுவும் இல்லை. கேட்கத் தெரிந்ததும், கேட்டதற்கேற்ப மாற்றத் தெரிந்ததும்தான்.

அறுவைக் கூடத்திலும் அப்படியே. ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து, இரண்டாண்டு பயிற்சி தந்து, டாக்டர் அல்லாதவர் செய்யக்கூடிய எல்லா வேலையையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இதனால் ஒரு டாக்டர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவை செய்ய முடிந்தது. அமெரிக்காவின் மக்டொனால்டு ஓட்டல்கள் எங்கும் ஒரே தரத்தில், ஒரே ஒழுங்கில் பண்டம் தருவதைக் கண்டு, கண் மருத்துவத்தை ஏன் அப்படித் தரக்கூடாது என்று டாக்டர் கேட்டாராம். ஓட்டலையும் ஆஸ்பத்திரியையும் ஒப்பிடுவது சிலருக்குக் கசக்கலாம். எங்களுக்குக் கசக்கவில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் விலையில் வந்தது. 1992-ல் தாங்களே ஆலை வைத்துப் பத்து டாலர் அளவிற்குக் கொண்டுவந்தார்கள். கட்டணம் தருகிறவர் தரட்டும், இல்லாதவருக்கு இலவசம் என்ற கணக்கு இதனால்தான் நட்டப்படாமல் நின்றது. 2003-ல் நமக்கு அருகே புதுச்சேரியிலும் மருத்துவமனை திறந்தார்கள்.

நம் பேச்சுக்கு முக்கியமானது இன்னொன்று. அதே 1992-ல், லயன்ஸ் சங்கத்தின் உதவியுடன், மற்ற மருத்துவமனைகளை நடத்துவோருக்குக் கற்பிக்க ஒரு பயிற்சி நிலையத்தையும் மதுரையில் ஏற்படுத்தினார்கள். லைக்கோ என்பார்கள். அங்கே பயிலும் மருத்துவமனையிலிருந்து ஒரே ஆள் போனால் போதாது. டாக்டர், செவிலியர், நிர்வாகி என ஒரு குழுவாகப் போக வேண்டும். முதலில் அங்கிருந்து ஆள் வந்து இவர்களுடைய நிலையத்தைப் பார்ப்பார்கள். பிறகு இவர்கள் மதுரைக்குச் சென்று, தங்கள் பதிவேட்டை வைத்துக்கொண்டே, எங்கே ஆள் தேங்குகிறார்கள், எந்தக் கருவி சும்மா கிடக்கிறது என்று கண்டு, தாங்களே ஒரு திட்டம் எழுதுவார்கள். அது நடக்கிறதா என்று பின்னாலும் வந்து பார்ப்பார்கள். தனியாளாகப் போய்ப் பயிற்சி பெற்று வந்தவர் கதை உங்களுக்குத் தெரியுமே. "மதுரையில் இப்படிச் செய்கிறார்கள்" என்று சொன்னதும், "இது மதுரையல்ல" என்று பதில் வரும். சான்றிதழ் சுவரில் தொங்கும். வேலை பழையபடியே நடக்கும்.

2024 ஜூன் மாதத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. யாரைக் குறை சொல்லவும் அதை எடுக்கவில்லை. ஒரே நாளில் அத்தனை பேர் வந்து விழும்போது யாரை இங்கேயே வைப்பது, யாரைச் சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ அனுப்புவது, இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் எங்கே காலியாக இருக்கிறது, வாசலில் அழுகிற குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? இவை அன்று திடீரெனக் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல. சாதாரண நாட்களில் சாவியையும் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்துப் பழகியவர்களுக்கே அந்த நாளில் கை ஓடும்.

நம் கையில் என்ன இருக்கிறது? அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு; ஊர்ப் பிரமுகருக்கும் அதில் இடமுண்டு. நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துப் போட்டு வருவதோடு நிற்காமல், இருப்புப் பதிவேட்டைப் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே தாய்மார் வந்து தங்கக் காத்திருப்பு அறை என்னும் நல்ல ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. ஆனால் வீட்டில் மற்றக் குழந்தைகளைப் பார்ப்பவர் இல்லையென்றால் எந்தத் தாய் ஒரு வாரம் முன்னதாக வருவாள்? அதை அறிந்து சொல்ல வேண்டியவர்கள் நாம். பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகள் டாக்டர், நர்ஸ் என்ற இரண்டைத் தவிர வேறு தெரியாமல் இருக்கிறார்கள். மருத்துவமனை நிர்வாகம் என்றும் ஒரு படிப்பு உண்டு. அதைப் படிக்க விரும்பும் ஏழை மாணவர் இருவருக்கு யூபிலி நிதியிலிருந்து உதவலாமா என்று பங்குப் பேரவையைக் கேட்டிருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. பேரவை உறுப்பினர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள்.

அடுத்த கண் முகாமுக்கு முன் எங்களுக்கு ஒரு விவரம் தேவை. மலையிலிருந்து வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் தங்கி, உங்கள் ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, எந்தெந்த நாளில் வருவதில்லை, வீட்டில் ஆடு மாடு பார்க்க மாற்று ஆள் உண்டா என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். வாசலருகே நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் குழுவினர் இருவர் இருக்கிறார்கள். வெள்ளிமலை வண்டிக்குப் போக வேண்டியவர்களை முதலில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.