கைத்திறனும் கூர்த்த அறிவும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் சிறார் வகுப்பு ஆசிரியர் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், ஞாயிற்றுக்கிழமைச் சிறார் வகுப்பை நடத்திவரும் எங்களைப் பேசப் பணித்தமைக்கு நன்றியுடையோம். இருபத்தைந்து ஆண்டுகளில் பட்டம் பெற்றோர் எத்துணைப் பேர், பணியில் அமர்ந்தோர் எத்துணைப் பேர் என்னும் கணக்கைச் செயலாளர் அவர்கள் படித்தார்கள். அக்கணக்கில் இன்னும் இடம்பெறாத சிறுவர் சிறுமியரைப் பற்றியே நாங்கள் பேச வந்துள்ளோம். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகளுள் கூர்த்த அறிவுடையோர்க்கு நாம் என்ன செய்கிறோம்?

பின்தங்கிய பிள்ளைக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்றால் அனைவரும் ஒப்புகின்றனர். முந்திச் செல்லும் பிள்ளைக்கும் தனிக்கவனம் வேண்டும் என்றால், "அவன்தான் நன்றாகப் படிக்கிறானே, பிறகென்ன?" என்கின்றனர். வசதி படைத்த வீட்டில் இது பொருந்தலாம். அங்கே கேள்விக்கு விடை சொல்ல ஆளுண்டு, நூலுண்டு, பிரித்துப் பார்க்கப் பழைய வானொலிப் பெட்டியும் உண்டு. நம் பிள்ளைக்கு? ஒரு பள்ளியில், பெயர் வேண்டா, நம் தெருச் சிறுமி ஒருத்தி கணக்கை எல்லோர்க்கும் முன்னே முடித்துவிடுவாள். "சும்மா இருக்கிறாயே, போய் வாசலைப் பெருக்கு" என்று நாள்தோறும் அவளை அனுப்பினர். இரண்டு திங்களுக்குள் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள்: கணக்கை மெதுவாகப் போடுவதற்கு.

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளிப் பருவத்தில் தனியே அமரக் கோணிச் சாக்கு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு சென்றதையும், அதை மாலையில் தாமே சுமந்து திரும்பியதையும் எழுதியுள்ளார். இன்று சாக்கு இல்லை, துடைப்பம் இருக்கிறது.

அரசின் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில் வருகிறது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் மெதுவாகக் கணக்குப் போடப் பழகிவிடுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1978-இல் ஜோசப் ரென்சுல்லி என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர், மேம்பட்ட திறன், புதியன புனையும் ஆற்றல், எடுத்த செயலில் விடாப்பிடி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் மீத்திறன் விளங்குகிறது என்று விளக்கினார். இம்மூன்றனுள் பின்னிரண்டையும் மதிப்பெண் பட்டியலில் காண இயலாது. பிள்ளையின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, அருகில் அமர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவேதான் கையால் செய்து கற்கும் திட்டப்பணிகளை நாங்கள் மேற்கொண்டோம்.

'கையால் செய்து' என்று சொன்னவுடன் நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். அதற்குக் காரணம் உண்டு. அதை நாங்கள் மதிக்கிறோம். 1953-இல் இராசாசி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரமே பாடம், எஞ்சிய நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதை எதிர்த்து நாடே கிளர்ந்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. "நாங்கள் விரட்டியதை நீங்கள் அழைத்து வருகிறீர்களா?" என்று ஒரு முதியவர் எங்களை நேரே கேட்டார். குலக்கல்வியில் கை வேலை செய்ய வேண்டும், வினா எழுப்ப வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் வினா எழாத வேலையை அன்றே நிறுத்திவிடுகிறோம். இவ்விடையில் அவருக்கு முழு நிறைவு ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் கொடுத்தோம். 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தின் சூழலில், அரவிந்த் குப்தா என்பார் 1978-இல் உருவாக்கிய எளிய முறை அது. குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய குச்சிகளை இருபுறமும் செருகினால் மூட்டு கிடைக்கும். முக்கோணம் அழுத்தினாலும் நிலைகுலையவில்லை. சதுரமோ சாய்ந்து சாய்சதுரமாயிற்று. ஏன் என்று கேட்டோம். பாடத்தில் வாய் திறவாத ஒரு சிறுவன், "சாரத்துக்குக் குறுக்குக் கம்பு கட்டாவிட்டால் ஆடும் என்று அப்பா சொல்வார்" என்றான். சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சியைச் செருகி நிறுத்தியும் காட்டினான். பிறகு அவன் கேட்டான்: "ஐந்து மூலைக்கு எத்தனை குறுக்குக் குச்சி வேண்டும்?" இரண்டு, ஆறு மூலைக்கு மூன்று என்று அவனே செய்து கண்டான். பத்து மூலைக்குச் செய்து பாராமலே ஏழு என்று எழுதினான். அவனுடைய தேர்வு மதிப்பெண்ணைச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை.

ஒலி பற்றிய பணியில் இடர் வந்தது. பறையை ஏன் தீயில் காய்ச்சுகின்றனர் என்று ஒரு சிறுமி கேட்டாள். உடனே மற்றொரு சிறுவன் தலை கவிழ்ந்தான். அவன் தந்தை சாவுக்குப் பறையடிப்பவர். பறையை விட்டொழிக்க நம் இயக்கங்கள் பட்டபாட்டை அறிந்த நாங்கள், அதைக் கொண்டுவரச் சொல்லவில்லை. தகரக் குவளையின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே மணல் தூவித் தட்டினோம். தோலை இறுக்க இறுக்க ஒலி மேலேறிற்று; மணல் துள்ளிற்று. தோலில் ஈரம் ஏறினால் தளரும், சூடு ஈரத்தை வாங்கினால் இறுகும் என்பதைப் பிள்ளைகளே கூறினர். தலை கவிழ்ந்தவன் கடைசியில் நிமிர்ந்து, "மழைநாளில் இரண்டு மடங்கு நேரம் காய்ச்ச வேண்டும்" என்றான். அவன் நிமிர்ந்ததை வெற்றி என்று கொள்வதா, அவனை மீண்டும் அப்பறையோடு பிணைத்துவிட்டோமா என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இரு கருத்து உண்டு.

கூரைப் பொத்தல் வழியே விழும் வட்டமான வெளிச்சம் கதிரவனின் உருவமே என்பதையும் கண்டனர். சிறு துளையிட்ட அட்டையை வெயிலில் பிடித்து, 108 சென்டிமீட்டருக்கு அப்பால் தாளில் விழும் உருவை அளந்தால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வரும். கதிரவன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதை 108-ஆல் வகுத்தால் அதன் குறுக்களவு, ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீட்டர், கிடைத்துவிடுகிறது. நான்காம் வகுப்புச் சிறுமி வகுத்து முடித்துவிட்டு, தான் பிழை செய்துவிட்டதாக அஞ்சி அழித்தாள். கதிரவனை நேரே நோக்கலாகாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் கண்டிப்பாகச் சொல்கிறோம்.

இப்பணிகட்குத் தேர்வு வைத்து ஆள் பொறுக்குவதில்லை. தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரலாம். ஒரு வினாவை விடாமல் பற்றிக்கொள்பவர் தாமே அடுத்த படிக்குச் செல்கின்றனர். அவ்வாறு சென்ற நால்வர், நம் தெருக் குழாயில் குடம் நிரம்ப ஆகும் நேரத்தையும் ஊர்த்தெருக் குழாயில் ஆகும் நேரத்தையும் அளந்து, அட்டவணையாக எழுதி இக்கட்டடத்தின் சுவரில் ஒட்டினர். வீண் வம்பு, எடுத்துவிடுங்கள் என்று சிலர் அறிவுறுத்தினர். நாங்கள் எடுக்கவில்லை. தொட்டியிலிருந்து தொலைவு மிகுந்தால் நீர் மெதுவாக வரக்கூடும் என்பது அப்பிள்ளைகளின் முதற்கருத்து. தொலைவு ஒன்றே காரணமா என்று அறிய, அதே தொலைவில் உள்ள வேறொரு தெருக் குழாயை இப்போது அளந்துவருகின்றனர்.

இளைஞர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. நண்பகலில் நட்ட கோலின் நிழல் முற்றிலும் மறையும் நாள், கன்னியாகுமரிப் பக்கம் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் வருகிறது; ஆகஸ்டு, செப்டம்பரை ஒட்டி மீண்டும் ஒருமுறை வரும். நம் ஊருக்கு அது எந்நாள் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிய விரும்புகின்றனர். அதற்குப் பத்து நாள் தொடர்ந்து, பதினொன்றரை மணி முதல் பன்னிரண்டரை வரை, அவர்களுடன் வெயிலில் நிற்க ஆள் வேண்டும். வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் தருக. நிமிர்ந்த கோலும் நூற்குண்டும் எங்களிடமே உள்ளன.