மூச்சு நின்ற அந்த ஆறு நிமிடங்கள்

 



ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் எனும் கருத்தைத் திருக்குர்ஆனில் (5:32) பலமுறை ஓதியிருக்கிறோம். மேடைகளில் பேசியும் இருக்கிறோம். ஆனால், நம் கண்ணெதிரே ஒருவரின் மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கற்றிருக்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன், கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை. ஜியாரத்திற்காக வந்த ஒரு குடும்பத்தின் மகனை அலை இழுத்துச் சென்றது. மீனவச் சகோதரர்கள் விரைந்து சென்று கரை சேர்த்தனர். ஒருவர் அவன் வயிற்றை அமுக்கினார். இருவர் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினர். நானோ அருகில் நின்று துஆ ஓதிக்கொண்டிருந்தேன். 108 வாகனத்தில் வந்த உதவியாளர், "யாராவது வாயோடு வாய் வைத்து ஊதினீர்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல எவரும் இல்லை. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

அவனுடைய தவணை அவ்வளவுதான் என்பது நம் ஈமான். ஆனால் என் கடமையை நான் செய்தேனா என்று என்னிடம் கேட்கப்படுமே! நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் நன்மை உண்டு என்று ஹதீஸில் வந்துள்ளது. அது இறந்தவரின் குடும்பத்திற்கு ஆறுதல். வேடிக்கை பார்த்தவருக்குச் சாக்கு அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

தொழுகையையும் முறிக்கலாம்

தொழுதுகொண்டிருப்பவர், ஒருவர் நீரில் மூழ்குவதைக் கண்டு, காப்பாற்றும் ஆற்றலும் பெற்றிருந்தால், தொழுகையை முறித்துவிட்டுச் சென்று காக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் தீர்ப்பு. தொழுகையைப் பிறகு நிறைவேற்றிக்கொள்ளலாம். போன உயிரை மீட்க முடியாது.

கரை சேர்க்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால், அந்நிய ஆண்கள் தொடலாமா என்று தயங்கி நிற்பதையும் காண்கிறோம். நிர்ப்பந்த நிலையில் தடை நீங்கிவிடும் என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. தெரிந்த பெண் அருகில் இருந்தால் அவர் செய்யட்டும். இல்லையெனில், தெரிந்த ஆண் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

தாமதம் ஏன் கூடாது?

மூச்சு நின்றால் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. அதைத் தொடர்ந்து இதயமும் நின்றுவிடுகிறது. பிராணவாயு கிடைக்காத மூளை 4 முதல் 6 நிமிடங்களில் பாதிக்கப்படத் தொடங்குகிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர்! 2008 செப்டம்பர் முதல் தமிழகத்தில் 108 சேவை இயங்கி வருகிறது. அது பெரும் பாக்கியம். எனினும், வண்டி வந்து சேரும் வரை உள்ள நிமிடங்கள் நம்முடையவை.

செய்ய வேண்டியவை

முதலாவது, நீந்தத் தெரியாதவர் கடலில் குதிக்கக் கூடாது. கயிறு, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் போன்ற மிதக்கும் பொருளை வீசுங்கள். காப்பாற்றச் சென்றவரும் மூழ்கிய ஜனாஸாக்கள் பல உண்டு.

கரை சேர்த்ததும் மல்லாக்கப் படுக்கவைத்து, தோளைத் தட்டி அழையுங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 வினாடிக்கு மேற்படாமல் பாருங்கள். விட்டுவிட்டு வாயைப் பிளந்து இழுப்பது மூச்சல்ல. அதை மூச்சு நின்றதாகவே கொள்ள வேண்டும். உடனே ஒருவர் 108ஐ அழைக்கட்டும்.

நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் பொருத்தி, மார்பு உயருமளவு ஊதுங்கள். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. ஆகவே தொடக்கத்தில் 2 முதல் 5 முறை ஊதலாம். அதன்பின், பெரியவராயின், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் வைத்து, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்திற்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். மீண்டும் 2 முறை ஊதுங்கள். உதவி வரும் வரை இதைத் தொடருங்கள்.

வயிற்றை அமுக்காதீர்கள்; வாந்தி வெளிப்பட்டு நுரையீரலுக்குள் சென்றுவிடும். தலைகீழாகத் தூக்குவதால் நேரமே வீணாகும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர உடையை நீக்கிப் போர்த்துங்கள். எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரக்கூடும்.

சகோதரர்களே! 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையைக் கண்ட கரை நம்முடையது. கடலின் வலிமையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிரைக் காக்கும் முறையைத்தான் நாம் கற்க வேண்டியுள்ளது.

மையத்தைக் குளிப்பாட்டும் முறையை நம் மஹல்லாக்களில் கற்றுத்தருகிறோம், நல்ல செயல். அதே மஹல்லாவில், மையத்தாகிவிடாமல் காக்கும் முறையையும் கற்றுத்தர வேண்டாமா? பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து, ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இளைஞர்களும் பெண்களும் தனித்தனியே கற்கட்டும். கற்றவர்களின் வரிசையில் இமாமும் நிற்கட்டும்!

அன்று நான் ஓதிய துஆ வீணாகியிருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் இனி, என் கைகள் வேலை செய்துகொண்டிருக்க, என் உள்ளம் துஆ கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

வல்ல ரஹ்மான் நம் கைகளால் உயிர்களைக் காக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.