நாய் பாதத்தைக் கடிப்பது ஏன்?

(உழவர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



களைகளைப் பற்றிப் பேச வேண்டிய நான் இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் உழவியல் கற்பிப்பவன். கால்நடை மருத்துவன் அல்லன். இருந்தும் இதைப் பேசக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குக் களைக் கட்டுப்பாடு பற்றி விளக்கச் சென்றிருந்தேன். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல்லும், மேட்டில் கொஞ்சம் வேர்க்கடலையும் பயிரிடும் ஓர் உழவர் தம் நாட்டு நாயுடன் வந்திருந்தார். அந்த நாய் கூட்டம் முடியும்வரை முன்னங்காலை நக்குவதும் கடிப்பதுமாகவே இருந்தது. "ஐயா, பத்து நாளா இப்படித்தான் இருக்குது. ராத்திரியிலே மோட்டார் கொட்டகையைக் காக்கிறது இதுதான். பட்டறையிலேயிருந்து கழிவு எண்ணெய் வாங்கித் தடவினேன், கேட்கலை" என்றார்.

வயலைச் சுற்றி பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்தது. அதுதான் காரணம் என்று நான் சொல்லிவிட்டேன். நான் சொன்னது தவறு. மறுநாள் கால்நடை மருத்துவர் அந்தக் காலின் விரலிடுக்கிலிருந்து ஊசிப்புல்லின் விதை ஒன்றை எடுத்தார். நான் எங்கே தவறினேன் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

இலையைப் பார்ப்பதுபோல் காலைப் பாருங்கள்

பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியாவை எடுக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லி வருகிறோம். அடி இலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. குருத்து இலை வெளுத்தால் இரும்புச் சத்துக் குறையாக இருக்கலாம். நீர் தேங்கினாலும் மஞ்சளிக்கும். வேரில் நூற்புழு இருந்தாலும் மஞ்சளிக்கும். மஞ்சள் என்பது அடையாளமே, நோய் அன்று.

நாய் பாதத்தைக் கடிப்பதும் அத்தகையதே. முதலில் எந்தக் கால் என்று பாருங்கள். ஒரே ஒரு காலை மட்டும் கடித்தால் அந்தக் காலிலேயே காரணம் இருக்கக்கூடும்: முள், புல் விதை, கண்ணாடிச் சில், உண்ணி, முறிந்த நகம், வெட்டுக்காயம், அல்லது மூட்டு வலி. இரண்டு முன்னங்கால்களையோ நான்கு கால்களையுமோ கடித்தால் தோல் முழுவதையும் தாக்கும் காரணத்தைத் தேட வேண்டும்: ஒவ்வாமை, சொறிப்பேன், பூஞ்சணம், தரையிலுள்ள நச்சு ஆகியவை.

அந்த உழவரின் நாய் கடித்தது ஒரு காலை மட்டுமே. பார்த்தீனியம் காரணமானால் ஒரு காலை மட்டுமா தாக்கும்? நான் சுற்றுப்புறத்தைப் பார்த்தேனே தவிர, காலைப் பார்க்கவில்லை.

ஊசிப்புல்லும் நெருஞ்சியும்

ஊசிப்புல்லின் விதை முனை ஊசிபோல் கூரியது. அதில் பின்னோக்கிய மயிர்கள் உள்ளன. எனவே உள்ளே போனது திரும்பி வராது. அதன் வால் ஈரம் பட்டால் முறுக்கு அவிழும்; காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். மண்ணைத் துளைத்துப் புதைவதற்காக அமைந்த இந்த ஏற்பாடு நாயின் விரலிடுக்கிலும் அப்படியே வேலை செய்கிறது. நாய் நக்க நக்க ஈரம் படுகிறது. விதை மேலும் உள்ளே செல்கிறது. பிறகு வீங்கிச் சீழ் பிடிக்கிறது. ஆழச் சென்ற விதையை வீட்டில் தோண்டி எடுக்க முயலக் கூடாது. நெருஞ்சி முள் வெளியே தெரிந்தால் மட்டும் இடுக்கியால் எடுத்துவிடலாம்.

பார்த்தீனியம்

1950களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்ட இக்களை பின்னர் நாடெங்கும் பரவியது. நம் பகுதியில் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கியது. அதையொட்டி மனைகளாகப் பிரிக்கப்பட்டு உழப்படாமல் கிடக்கும் நிலங்கள் பெருகின. கொட்டும் மண்ணுடனும் வண்டிச் சக்கரங்களுடனும் களை விதை வந்து சேர்கிறது. தரிசில் தடையின்றி வளர்கிறது.

இச்செடியிலுள்ள பார்த்தினின் என்ற பொருள் மனிதருக்கும் மாடுகளுக்கும் தோல் அழற்சி உண்டாக்கும். நாய்க்கு உடல் முழுதும் ரோமம் இருப்பதால், இத்தகைய செடிகள் நேரே படுவது ரோமம் குறைந்த வயிறு, தொடை இடுக்கு, விரலிடுக்கு ஆகிய இடங்களில்தான். அங்கெல்லாம் சேர்ந்தாற்போல் சிவந்திருந்தால் செடியின்மேல் ஐயப்படலாம்.

பூக்குமுன் கையுறை அணிந்து வேருடன் பிடுங்குவதே சிறந்த முறை. பயிரில்லாத தரிசில், லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்து, ஒட்டும் திரவம் சேர்த்து, செடி நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் உப்பு தெளிக்கக் கூடாது. 1984இல் பெங்களூர்ப் பகுதியில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு இதன் இலையைத் தின்று அழிக்கிறது. மழைக்காலத்தில் அவ்வண்டைக் கண்டால் கொன்றுவிடாதீர்கள்.

உண்ணி, சொறிப்பேன், புழு

நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஒளிந்திருப்பது உண்ணியின் வழக்கம். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயின்மேல் மட்டும் மருந்து போட்டால் போதாது. அது படுக்கும் இடத்தின் வெடிப்புகளையும் பூசி அடைக்க வேண்டும். உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்கக் கூடாது. உண்ணி பரப்பும் காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கும்.

சொறிப்பேன் கண்ணுக்குத் தெரியாது. தோலைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்த்தே மருத்துவர் அறிவார். ஈரமண்ணில் படுக்கும் நாய்க்குக் கொக்கிப்புழுவின் இளம்புழு பாதத்தின் வழியே நுழைந்து அரிப்பு தரும். அதே மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் காலிலும் அது நுழையும். எனவே நாய்க்குக் குடற்புழு நீக்கம் செய்வது குழந்தைக்கும் பாதுகாப்பு.

நான்கு பாதங்களும் சிவந்து, காதிலும் அரிப்பு இருந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். தெள்ளுப்பூச்சி, உணவு, மகரந்தம், தூசி என அதற்குக் காரணங்கள் பல. வெள்ளை நாயின் பாதம் செம்பழுப்பாக மாறியிருந்தால், அது நெடுநாளாக நக்கி வருகிறது என்று பொருள். அது உமிழ்நீரின் கறை.

சாலையும் ஒரு காரணம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைச் சித்திரை வெயிலில் வெறுங்காலால் கடக்க நம்மால் முடியாது. நாயும் அப்படியே. புறங்கையைத் தார்ச்சாலையில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அச்சாலையில் நாயை நடத்தாதீர்கள். களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் நாயை விடாதீர்கள். பாதத்தில் ஒட்டியது நக்கும்போது வயிற்றுக்குள் போகும்.

செய்யக் கூடாதவை

இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன். நாய் தன் காலில் தடவியதை நக்கும். தடவுவது ஊட்டுவதற்குச் சமம்.

1. பட்டறைக் கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் தடவ வேண்டாம். தோல் வெந்துபோவதுடன் ஈரலும் கெடும்.

2. பயிருக்கான பூச்சிமருந்தை நாய்க்குப் பூச வேண்டாம். பழைய நாளில் உண்ணிக்குப் பி.எச்.சி. தூள் தூவும் வழக்கம் இருந்தது. அந்த மருந்து 1997இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய பொட்டலம் எங்கேனும் இருந்தால் தொட வேண்டாம்.

3. நமக்கு வாங்கிய பாரசிட்டமால், இபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம்.

செய்ய வேண்டியவை

பழகிய நாயின் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் விரல் விரலாக விரித்துப் பாருங்கள். வயலிலிருந்து திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கு ஈரமின்றித் துடையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சணம் வளரும். விரலிடையே நீண்ட ரோமத்தைக் கத்தரியுங்கள். காயம் ஆறும்வரை வாய் எட்டாதபடி, அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் பொருத்தலாம். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் சலிப்பினாலும் காலைக் கடிக்கும். தினமும் அவிழ்த்து நடத்துங்கள்.

வீக்கம், சீழ், நொண்டல், துர்நாற்றம் இருந்தாலோ, 2 நாளில் குறையாவிட்டாலோ அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். கடினமான நோய்க்கு, 1903இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை

வெறிநாய் கடித்த நாய், சில சமயம் கடிபட்ட அதே இடத்தை இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். கூடவே குரல் மாறுதல், எச்சில் ஒழுகுதல், இருட்டில் ஒதுங்குதல், கல்லையும் கட்டையையும் கடித்தல், காரணமின்றிச் சீறுதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் காலைத் தொட்டுப் பார்க்கவே கூடாது. குழந்தைகளை விலக்கிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

அது கடித்தாலோ, பிறாண்டினாலோ, புண்ணில் அதன் எச்சில் பட்டாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். சொன்ன நாட்களில் எல்லாத் தவணை ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. நாய்க்கு 3 மாத வயதில் முதல் தடுப்பூசியும், பின் ஆண்டுதோறும் ஒன்றும் போட்டுவிட்டால் இந்த அச்சம் வேண்டியதில்லை.

அந்த உழவரின் மகன், பத்து வயதுச் சிறுவன், எண்ணெய் தடவும்போதெல்லாம் நாயின் காலைப் பிடித்துக்கொண்டவன். நாய்க்கு அதுவரை தடுப்பூசியே போடப்படவில்லை. இந்த முறை அது புல் விதையாக இருந்தது. வேறாக இருந்திருந்தால்? அன்றே மருத்துவர் தடுப்பூசியும் போட்டார். புண் ஆறி நாய் காவலுக்குத் திரும்பியது. வரப்பிலிருந்த ஊசிப்புல்லை விதை முற்றுமுன் அறுத்துவிட்டதாக அந்த உழவர் பின்னர் சொன்னார்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நாய்க்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நினைவில்லை என்றால் நாளைக் காலையே மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.